‘போதும்’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போனது யார், தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஃப்ரிட்ஜின் அடித்தட்டை இழுத்துத் திறக்கிறேன். பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு கொத்தமல்லிக் கட்டு. கட்டு என்று சொல்வது மரியாதைக்காக. உள்ளே இருப்பது பச்சைக் கூழ். அதற்கு அடியில் என்ன தெரியுமா? இன்னொரு கொத்தமல்லிக் கட்டு! பக்கத்தில் முளைவிட்ட உருளைக்கிழங்கு இரண்டு, வழுவழுத்துப் போன தேங்காய் மூடி ஒன்று, ‘நாளைக்கு ஆகும்’ என்று என்றைக்கோ எடுத்து வைத்த குழம்புக் கிண்ணம்.

‘பத்து ரூபாய்க் கட்டுதானே, போனால் போகிறது’ என்று குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனேன். ஆனால், அந்தக் கட்டு அழுகியதற்குப் பின்னால் ஓக்லஹோமா மளிகைக்காரர் ஒருவர், பாஸ்டன் ஐஸ் வியாபாரி ஒருவர், மியாமி கடற்கரை மணலில் கோடு கிழித்த இளைஞர் ஒருவர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது என்றால் நம்புவீர்களா? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆரம்பிக்கிறோம்!

முதல் குற்றவாளி கல்யாணப் பந்தி இல்லை, தெரியுமா?

சோறு வீணாவது எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை நேராகக் கல்யாண மண்டபத்தைக் காட்டும். பாதி லட்டும் முழு அப்பளமுமாக மடிக்கப்படும் இலைகளை நாமும் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறோம். ஆனால், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் ஹோட்டல், கேன்டீன் போன்ற சாப்பாட்டுத் தொழில்களின் பங்கு 29 கோடி டன். கடைகளின் பங்கு 13 கோடி டன். மிச்சம் 63 கோடி டன் யாருடையது? வீடுகளுடையது! உங்கள் வீடு, என் வீடு, எதிர் வீடு! நூற்றுக்கு அறுபது பங்கு நம் அடுப்படியிலிருந்துதான் போகிறது. மண்டபத்துக் குப்பை ஒரே இடத்தில் குவிவதால் கண்ணை உறுத்துகிறது. நம் வீட்டுக் குப்பை கவர் கவராகப் பிரிந்து போவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒன்பது சிப்பம்!

அதே கணக்கின்படி இந்தியாவில் ஒரு ஆள் வீட்டில் வீணாக்குவது வருஷத்துக்குச் சுமார் 55 கிலோ. உலகச் சராசரி 79 கிலோ என்பதால் ‘அப்பாடா’ என்று சாய்ந்து உட்கார வேண்டாம். 55 கிலோவை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 150 கிராம். கிட்டத்தட்ட ஒரு ஆழாக்கு அரிசியின் எடை! நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 220 கிலோ. 25 கிலோ சிப்பமாக அடுக்கினால் ஒன்பது மூட்டை வரும். இதில் காய்த்தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்தி என்பது உண்மைதான். அதற்காக அந்தக் குழம்புக் கிண்ணத்தை எலும்புக் கணக்கில் எழுதிவிட முடியுமா?

நூறு கிராம் நெல், பதினாறு குடம் தண்ணீர்!

வயலில் ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பழகிப்போன கணக்கு. அப்படியானால் நூறு கிராம் நெல்லுக்கு 250 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் பதினாறு குடத்துக்கு மேல்! கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய நாம்தான், ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது அடிச்சோற்றைச் சிங்க்கில் தட்டுகிறோம். குடம் குடமாகத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்விடுகிறது!

கொட்டிய பிறகும் அது சும்மா இருப்பதில்லை!

‘மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும்’ என்கிறீர்களா? பின்கட்டு எருக்குழி இருந்த காலத்துக்கு அது சரி. கவரில் முடிச்சுப் போட்டுக் குப்பைமேட்டில் புதைந்த சோறு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வீரியம் அதற்கு! எரியும் வாயுவும்கூட. சென்னை பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, நினைவிருக்கிறதா? வயலிலிருந்து குப்பைமேடு வரை உலகில் இழக்கப்படும், வீணாகும் உணவால் வெளியேறும் வாயு, விமானப் போக்குவரத்து மொத்தமும் விடுவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அடேங்கப்பா!

சரி, இவ்வளவும் எங்கே ஆரம்பிக்கிறது? தட்டில் இல்லை. கடையில்! ஒரு காலத்தில் கடையில் நம்மைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்ல நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போன கதை இனிமேல்தான் வருகிறது.

முதலில் போனது அண்ணாச்சியின் கண்!

நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவிலும் நம்மூர் அண்ணாச்சி கடைதான், தெரியுமா? சீட்டை நீட்டினால் கடைக்காரர் எடுத்துத் தருவார். சாமானைத் தொடும் உரிமை நமக்குக் கிடையாது. 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்று ஒரு கடை திறந்தார். நீங்களே உள்ளே போங்கள், நீங்களே எடுங்கள், வெளியே வரும்போது காசு கொடுங்கள்! இந்தக் கடை அமைப்புக்கு மறுவருஷமே காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆள்கூலி மிச்சம், விலை குறைச்சல், எல்லாம் சரி. ஆனால், “போன வாரம்தானே அரைக் கிலோ ரவை வாங்கிட்டுப் போனீங்க?” என்று கேட்க ஒரு ஆள் இருந்தாரே, அவர் போய்விட்டார். நூறு கிராம் சீரகம், ஐம்பது கிராம் மிளகு என்று பொட்டலம் கட்டித் தந்தவரும் அவர்தான். நமக்கு வேண்டிய அளவுக்கு அவர் கட்டினார். இன்றைக்குப் பாக்கெட்டின் அளவுக்கு நாம் வாங்குகிறோம்.

அடுத்தது கைவலி!

இதைக் கேளுங்கள்! ஓக்லஹோமா சிட்டியில் ‘ஹம்ப்டி டம்ப்டி’ கடைகளை நடத்தியவர் சில்வன் கோல்ட்மேன். ஜனங்கள் எப்போது வாங்குவதை நிறுத்துகிறார்கள் என்று கவனித்தார். பணம் தீரும்போது அல்ல, கையில் இருக்கும் கூடை கனக்கும்போது! அவ்வளவுதான், ஒரு மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசனை பிறந்தது. காலுக்குச் சக்கரம், மேலும் கீழுமாக இரண்டு கூடை. 1937-ல் தள்ளுவண்டி வந்தது. வந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? ஒருத்தரும் தொடவில்லை! ‘என்னைப் பார்த்தால் கூடை தூக்கத் தெம்பில்லாதவன் மாதிரியா தெரிகிறது?’ என்று ஆண்களுக்கு ரோஷம். ‘குழந்தை வண்டி தள்ளியதே போதும்’ என்று பெண்களுக்கு அலுப்பு. கோல்ட்மேன் விடவில்லை. எல்லா வயதிலும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாமான் வாங்குவது போல நடிக்க வைத்தார். நாடகம் பலித்தது!

இப்போது நம் மஞ்சப்பையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான். ஆனால், அந்தப் பைக்கு இன்னொரு குணமும் உண்டு. கைப்பிடி விரலை அறுக்கத் தொடங்கினால் கடை முடிந்தது என்று அர்த்தம்!

பாட்டு மெதுவானால் பில் நீளும்!

1982-ல் ரொனால்ட் மில்லிமன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் வேகமான இசையையும் சில நாள் மெதுவான இசையையும் ஒலிக்கவிட்டார். மெதுவான இசை ஓடிய நாட்களில் ஜனங்களின் நடையும் மெதுவாகிவிட்டது. விற்பனை? 38 சதவீதம் கூடுதல்! இத்தனைக்கும் என்ன பாட்டு ஓடியது என்பதையே பலர் கவனித்திருக்கவில்லை. ஆக, இளையராஜாவின் மெலடி கேட்கும் கடைக்குள் நுழையும்போது பர்ஸை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

கணக்குச் சொன்ன குரலும் போயிற்று!

காதில் சொருகிய பென்சிலை எடுத்து, அட்டைக் கிழிசலில் வரிசையாக எழுதி, வாய்விட்டுக் கூட்டுவாரே அண்ணாச்சி! கூட்டக் கூட்ட நமக்கும் உறைக்கும். “அந்த நெய் வேணாம் அண்ணாச்சி, எடுத்துடுங்க” என்போம். நார்மன் ஜோசப் வுட்லண்ட் என்ற இளைஞர் மியாமி கடற்கரை மணலில் விரல்களை இழுத்து, தந்தி மொழியின் புள்ளியும் கோடும் நீண்டால் எப்படி இருக்கும் என்று பார்த்ததில் பிறந்தது பார்கோடு. அது கடையில் முதல்முதலாக ‘பீப்’ என்றது 1974 ஜூன் 26-ல், ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரத்தில். விற்றது ஒரு சூயிங்கம் பொட்டலம்! அன்றிலிருந்து தொகை கடைசியில்தான் தெரிகிறது. பின்னால் வரிசை நிற்கும்போது நெய்யைத் திருப்பித் தர யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்போது நம் ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டாவது கொத்தமல்லிக் கட்டின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கடைக்கே போகவில்லை. போனில் பாலும் தயிரும் எடுத்தேன். ‘இன்னும் சில ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்றது திரை. விரல் தானாகக் கொத்தமல்லியைத் தொட்டது. அண்ணாச்சி இல்லை, கைவலி இல்லை, எண்ணிக் கொடுக்க ரூபாய் நோட்டும் இல்லை. ‘போதும்’ என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை!

மெரினாவில் இறங்கிய பாஸ்டன் ஐஸ்!

கடைக் கதை முடிந்தது, இனி ஃப்ரிட்ஜின் கதை. சென்னையில் ‘ஐஸ் ஹவுஸ்’ ஸ்டாப்பில் இறங்கியிருப்பீர்கள். அங்கே நிஜமாகவே ஐஸ் இருந்தது, தெரியுமா? அதுவும் அமெரிக்க ஐஸ்! பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் வெயிலில் மிதந்து போய்ச் சேர்ந்தபோது 100 டன் உருகாமல் இருந்ததாம்! சென்னைக் கிடங்கு 1842-ல் எழும்பியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடம்தான். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம்.

அன்றைக்குக் குளிர்ச்சி பணக்காரரின் மேஜையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கரையும் அதிசயம். இன்றைக்குச் சமையலறை மூலையில் ராப்பகலாக ஓடுகிறது. ‘இன்றைக்கே முடித்துவிடு’ என்று நம்மை விரட்டிய வெயிலை வாயடைத்த பெட்டி அது. உள்ளே வைத்தாயிற்று என்றால் காப்பாற்றியாயிற்று என்று நினைக்கிறோம். பல சமயம் குப்பைக்குப் போகும் வழியில் ஒரு வாரம் தங்கவைக்கிறோம், அவ்வளவே!

கத்தரிக்காய் மூச்சு விடுகிறது, கேட்டதா?

பறித்த பிறகும் காய் செத்துப்போவதில்லை! சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. மூச்சு நீராவி கவருக்குள்ளேயே தங்கினால் கீரை கூழாகிவிடும். கொத்தமல்லியைத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் பூச்செண்டு போல நிறுத்தினால் நாள்கணக்கில் நிமிர்ந்து நிற்பது, அதன் தண்டு இன்னும் தண்ணீர் குடிப்பதால்தான்.

பழுக்கும் பழம் இன்னும் கெட்டிக்காரத்தனமான வேலை செய்கிறது. எத்திலீன் என்ற வாயுவை விட்டுப் பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கிறது! 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், தன் ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். நம் ஊரில் வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகைமூட்டம் போட்டவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, வேலை தெரியும். புகையிலும் அதே எத்திலீன்! ஆகவே பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள். தக்காளியைக் குளிரில் வைத்தால் மணம் தரும் மரபணுக்களே அடங்கிப்போகின்றன என்று 2016-ல் ஃப்ளோரிடா விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம் கதவு. நாம் பாலை வைப்பது எங்கே? அதே கதவில்!

அடியிலிருந்து உருவும் கை!

பால் பாக்கெட் டப்பில் மேலே இருப்பதை விட்டு அடியிலிருந்து உருவுவோமே, அது உலகப் பொதுப்பழக்கம், தெரியுமா? ‘பின்னால் இருப்பது புதுசு’ என்ற ஞானம் ஜப்பானியருக்கும் உண்டு. இன்றைக்கே குடிக்கப்போகிற பாலுக்கு எதற்கு நாள் தள்ளிய தேதி? அதனால் 2021-லிருந்து அங்கே கடைகளில் ‘தெமாஎதோரி’ என்று அட்டை மாட்டினார்கள். முன்வரிசையில் இருப்பதை எடு என்று அர்த்தம். மறுவருஷம் அந்த நாட்டின் பேசப்பட்ட புதுச்சொற்கள் பத்தில் அதுவும் ஒன்று!

தேதியிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. ‘யூஸ் பை’ என்றால் அதற்குப் பிறகு உடம்புக்கு ஆகாது, மீறாதீர்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதுவரை ருசியும் மணமும் உச்சத்தில் இருக்கும், அவ்வளவுதான். மறுநாள் பிஸ்கட் விஷமாவதில்லை, மொறுமொறுப்புதான் குறையும். பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2022-ல் முன்னூறுக்கும் மேற்பட்ட காய்கனிப் பொருட்களில் இந்தத் தேதியையே எடுத்துவிட்டது. கண்ணும் மூக்கும் எதற்கு இருக்கின்றன?

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ பக்கம் வாருங்கள். டென்மார்க்கில் ரெமா 1000 என்ற கடைச் சங்கிலி 2008-லேயே அளவுக்குத் தள்ளுபடி தருவதை நிறுத்திவிட்டது. நிறைய வாங்கினால் மலிவு என்ற பேச்சே கிடையாது!

குப்பைக்கும் தராசு!

தென்கொரியாவில் சோற்றுக் குப்பையைக் கொட்டக் காசு, தெரியுமா? 2005-லேயே உணவுக் கழிவை நேராகக் குப்பைமேட்டில் புதைக்கத் தடை போட்டார்கள். 2013-லிருந்து அளவுக்குத் தக்க கட்டணம். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தொட்டியிடம் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கிறது, கொட்டியதை நிறுக்கிறது, உங்கள் கணக்கில் எழுதிவிடுகிறது! காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்துக் கொட்டும்போது வலிக்காமல் இருக்குமா? இன்றைக்கு அங்கே சேரும் உணவுக் கழிவில் பெரும்பகுதி தீவனமாகவோ உரமாகவோ எரிவாயுவாகவோ மாறிவிடுகிறது.

வலி நமக்கும் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி விலை தாறுமாறாக ஏறி, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றதே! அந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு தக்காளியாவது அழுகியதா? என் வீட்டில் இல்லை. எண்ணி வாங்கினோம், எண்ணி அரிந்தோம், ரசத்துக்குப் புளியே போதும் என்றோம். கிலோ பதினைந்துக்கு இறங்கியதும் அடித்தட்டு மறுபடி நிறைந்துவிட்டது!

அரிசி தீரவில்லை, நிறைந்துவிட்டது!

பல வீடுகளில் ‘அரிசி தீர்ந்துபோச்சு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அரிசி நிறைஞ்சு போச்சு’ என்பார்கள். மங்கலமாகச் சொல்ல வந்த பேச்சுதான். ஆனால், டப்பா காலியானால்தான் கடைக்குப் போவது என்ற பழக்கமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! மிச்சத்துக்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். கண் உள்ள தேங்காய் மூடியை முதலில் துருவு. மாவு மூன்றாம் நாள் புளித்தால் ஊத்தப்பம், இன்னும் புளித்தால் வெங்காயம் தாளித்துக் குழிப்பணியாரம். பீர்க்கங்காய்த் தோலுக்குத் துவையல், தர்பூசணியின் வெள்ளைக்குக் கூட்டு, மலிந்த காய்க்கு வத்தல்.

ராத்திரிச் சோற்றுக்குத் தண்ணீர். இங்கே ஒரு எச்சரிக்கை! வெந்த சோற்றிலும் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டு. சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் பெருகி நஞ்சு கக்கும்; மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றினால் நல்ல நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு புளிக்க வைக்க வாய்ப்பு அதிகம். பழையதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் இருப்பது நேரத்தோடு ஊற்றிய அந்த ஒரு செம்புத் தண்ணீர்தான்.

கடைசியாக ஒன்று, தெரியுமா?

பொன் கொடு, பொருள் கொடு, ‘இன்னும்’ என்பான் மனுஷன். சோறு போட்டால்தான் ‘போதும்’ என்பான் என்று நம் ஊரில் சொல்வார்கள். இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டி, “போதும், போதும்” என்று கெஞ்சுகிறோம். சாம்பார் வாளி நகரும் வரை கையை எடுப்பதில்லை. அதே கை, தள்ளுவண்டிக்கு மேலே ஒரு தடவையாவது அப்படி நீண்டிருக்கிறதா?

இந்தத் திங்கட்கிழமை தெருமுனைக் கீரைக்காரம்மாவிடம் நின்றேன்.

“கொத்தமல்லி ரெண்டு கட்டா எடுத்துக்கோ கண்ணு, பதினஞ்சு ரூவாதான்.”

“ரெண்டு வேணாம்மா. பாதிக் கட்டு குடுப்பியா?”

ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாதியா?” என்று சிரித்தார். பிறகு வாழைநாரை அவிழ்த்து, கட்டை இரண்டாகப் பிரித்து, சின்னப் பாதியை எனக்கு நீட்டினார். “அஞ்சு ரூவா குடு. மீதியை இன்னொரு ஆளுக்குக் கொசுறு போட்டுக்கறேன்.”

ராத்திரி ரசத்தில் இலை, துவையலில் தண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரு துண்டு வாழைநார் மட்டும் கிடந்தது.